லைட் ஃப்ளைவீல் போடலாமா? தினமும் ஓட்டுகிற வண்டிக்கு எது சரிப்படும்

வண்டியைக் கொஞ்சம் வேகமாக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போவார்கள். முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம் சைலன்சர், கையில் காசு மிச்சமிருந்தால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர்) ரீமேப். இதெல்லாம் முடிந்து ஒருநாள் கிளட்ச் பிளேட் தேய்ந்து கியர் பாக்ஸை இறக்க வேண்டி வரும்போது, பக்கத்தில் நிற்கிற யாராவது "எப்படியும் இறக்கத்தானே போற, அப்படியே லைட் ஃப்ளைவீல் ஒண்ணு போட்டுடு" என்று கிளப்பிவிடுவார். யோசனையில் தப்பில்லை, இறக்கும்போதே மாற்றினால் கூலி ஒரு தடவையோடு போகும். ஆனால் கடையில் இருக்கிறதிலேயே எது லேசோ அதுதான் நல்லது என்று நினைத்து வாங்கினால், திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போய்வருவதற்குள் இடது கால் ஓய்ந்துவிடும்.

முதலில் இந்த ஃப்ளைவீல், அதாவது இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கனமான சக்கரம், என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழலும் முக்கியத் தண்டு) அரைச் சுற்று, அதாவது 180 டிகிரி, சுற்றுவதற்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. வெடிக்கும்போது கிராங்கைப் பிடித்துத் தள்ளும், அடுத்த சிலிண்டரில் காற்றை அமுக்கும்போது கிராங்கிடமிருந்தே பலத்தைப் பிடுங்கும். இந்தத் தள்ளலையும் பிடுங்கலையும் சமப்படுத்தத்தான் கிராங்கின் கடைசியில் ஒரு கனமான தட்டை மாட்டியிருக்கிறார்கள். கால் மிதி தையல் மெஷினில் பக்கவாட்டில் இருக்கிற இரும்புச் சக்கரம், மிதி மேலே போய் நிற்கிற இடத்தில் தையலை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போகிறதே, அதே வேலைதான்.

இதே தட்டுக்கு இன்னும் சில வேலைகளும் உண்டு. கிளட்ச் பிளேட் இதன் முகத்தில்தான் உரசிப் பிடிக்கிறது, கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட் இதன்மேல்தான் போல்ட் போட்டு உட்காருகிறது. ஓரத்தில் இருக்கிற ரிங் கியரைப் பிடித்துத்தான் ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறது. சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கிற பற்களும் இதிலேயே இருக்கும். கிளட்ச் உரசும்போது வருகிற சூட்டில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதும் இதுதான். லேசாக்கினால் இந்த எல்லா வேலையிலும் கொஞ்சம் கை வைக்கிறோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவது எளிதாகப் புரியும்.

கனமான ஃப்ளைவீல் எப்படி இருக்கும் என்று தெரிய வடசென்னைக்காரருக்கு வெளியே எங்கேயும் போக வேண்டாம். 1950களில் திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த அந்தப் பழைய புல்லட் 350-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சிலிண்டர், இரண்டு முழுச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நடுவில் இருக்கிற அத்தனை நேரமும் இன்ஜினைச் சுற்ற வைப்பது உள்ளே இருக்கிற கனத்த ஃப்ளைவீல்தான். அதனால்தான் அது அவ்வளவு கீழ் ஐடிலிங்கிலும் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றுகிற வேகம்) நிற்காமல் தட்டிக்கொண்டே இருக்கும், கிளட்சை எப்படி விட்டாலும் கோபித்துக்கொள்ளாமல் கிளம்பும். அதே காரணத்தால்தான் ஆக்சிலரேட்டரை முறுக்கினதும் சட்டென்று ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றுகிற எண்ணிக்கை) ஏறாது. நிதானமும் சோம்பலும் அங்கே ஒரே இடத்திலிருந்து வருகின்றன. காரிலும் கணக்கு இதுதான், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றும் கூடவே குறையும்.

சரி, லேசாக்கினால் என்ன கிடைக்கும்? குதிரைத்திறன் கூடாது, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் எரிக்கிற பெட்ரோல் அதேதான், வருகிற சக்தியும் அதேதான். ஆனால் வண்டி வேகம் எடுக்கும்போது இன்ஜின் தன்னுடைய சொந்தச் சுழலும் பாகங்களையும் வேகமாகச் சுற்ற வைக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் போகிற பங்கு குறைந்தால் மிச்சம் சக்கரத்துக்கு வரும். ஒரே ஆர்பிஎம்மில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது யாரையும் வேகமாகச் சுற்ற வைக்க வேண்டியதில்லை, அதனால் அப்போது ஃப்ளைவீல் 4 கிலோவோ 10 கிலோவோ எல்லாம் ஒன்றுதான். டைனோவில் (வண்டியின் பலத்தை அளக்கிற உருளை மெஷின்) ஓட்டிப் பார்த்து "இத்தனை எச்பி ஏறியிருக்கு" என்று காட்டுவார்கள். டிரம்மை வேகமாக்கி அளக்கிற வகை டைனோவில் அப்படித் தெரியத்தான் செய்யும், குறிப்பாகக் கீழ் கியரில். அது ஏமாற்று இல்லை, ஆனால் இன்ஜினின் பலம் கூடியதாகவும் அர்த்தம் இல்லை.

இப்போது கணக்குக்கு வருவோம், பயப்பட வேண்டாம், பதினோராம் வகுப்பு இயற்பியலுக்கு மேல் எதுவும் இல்லை. சுழல்கிற பொருளை வேகப்படுத்த எவ்வளவு சிரமம் என்பதை நிலைமத் திருப்புத்திறன் என்று புத்தகத்தில் படித்திருப்போம், ஒர்க் ஷாப்பில் இனர்ஷியா என்பார்கள். எடை எவ்வளவு என்பது ஒரு பாதி, அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது இன்னொரு பாதி. அந்தத் தூரம் இருமடியாகக் கணக்கில் வரும் என்பதுதான் விஷயமே. நடுவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் 2 கிலோவைக் குடைந்து எடுத்தால் இனர்ஷியா 0.005 குறையும் (அலகு கிலோகிராம் மீட்டர் இருமடி, அதை விட்டுத்தள்ளுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க எண் போதும்). அதே ஃப்ளைவீலில் ஓரத்தில், 12 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரே ஒரு கிலோவை எடுத்தால் 0.0144 குறையும். பாதி எடையைத்தான் எடுத்திருக்கிறோம், பலன் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அதனால் கடைக்காரர் "சார் இது வெறும் நாலரை கிலோ" என்று சொன்னால் அதோடு நிற்காதீர்கள். தட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓரம் மெலிந்து நடுப்பகுதி தடிமனாக இருந்தால் யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஓரம் அப்படியே குண்டாக இருக்க, நடுவில் அழகுக்காக ஓட்டை போட்டு எடையைக் குறைத்திருந்தால் தராசில் மட்டும்தான் அது லைட், ரோட்டில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

ஒரு முழு உதாரணம் போடுகிறேன். எண்களெல்லாம் நம் ஊர் 1.5, 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டிக்கு ஒத்துவருகிற மாதிரி நானே எடுத்துக்கொண்டவை. கம்பெனி ஃப்ளைவீல் 8 கிலோ, ஆரம் 13.5 சென்டிமீட்டர். இதை ஒரே தடிமனான தட்டாக வைத்துக்கொண்டால் இனர்ஷியா சுமார் 0.073. புதிதாகப் போடப்போவது 5 கிலோ, குறைந்த 3 கிலோவும் சராசரியாக 11 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து போயிருக்கிறது. இனர்ஷியா 0.037-க்கு வந்துவிடும். எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் போயிருக்கிறது, இனர்ஷியாவிலோ பாதி காலி.

இதை வண்டியின் எடையாக மாற்றிப் பார்க்கலாம். குறைந்த இனர்ஷியாவை மொத்தக் கியர் விகிதத்தின் இருமடியால் பெருக்கி, டயர் ஆரத்தின் இருமடியால் வகுத்தால், அது வண்டியிலிருந்து எத்தனை கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம் என்று வந்துவிடும். டயர் ஆரம் 29 சென்டிமீட்டர், ஃபைனல் டிரைவ் (கியருக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருக்கிற கடைசிப் பல் விகிதம்) 4.1, முதல் கியர் 3.5 என்று வைத்தால் (இரண்டையும் பெருக்கினால் மொத்த விகிதம்) சுமார் 89 கிலோ. ஆமாம், 3 கிலோவைக் கழற்றியதற்கு 89. இரண்டாம் கியர் 1.9 என்றால் 26 கிலோ, மூன்றாம் கியர் 1.3 என்றால் 12 கிலோ. ஐந்தாம் கியரில், 0.8 விகிதத்தில், 5 கிலோகூட வராது.

இந்த நான்கு எண்களிலேயே லைட் ஃப்ளைவீலின் கதை முழுக்க இருக்கிறது. முதல் கியரில் ராஜா, மூன்றாம் கியருக்கு மேல் ஆளே இல்லை. மீஞ்சூரில் வெளிவட்டச் சாலை ஏறி வண்டலூர் வரைக்கும் ஐந்தாம் கியரில் பறக்கிறவருக்கு இதில் கிடைப்பது சைபர். முதல் கியரின் 89 கிலோவையும் ரொம்பக் கொண்டாட வேண்டாம், மேலே சொன்ன வண்டி 6,500 ஆர்பிஎம் வரைக்கும் இழுத்தாலே முதல் கியர் 50 கிலோமீட்டர் வேகத்தில் முடிந்துவிடும், நன்றாக மிதித்தால் சில விநாடி சமாச்சாரம். இன்னொன்று, ஃப்ளைவீலோடு சேர்ந்து பிரஷர் பிளேட்டும் கிளட்ச் பிளேட்டும் கிராங்கும் சுற்றுகின்றன, அவற்றின் எடை அப்படியேதான் இருக்கிறது. அதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் இந்த மாதிரி வண்டியில் மொத்த இனர்ஷியா குறைவது மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. ஃப்ளைவீலில் பாதியைச் செதுக்கியும் அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் போடுகிறார்கள்? ஸ்டாப்வாட்சுக்காக இல்லை, காலுக்கும் காதுக்கும் கிடைக்கிற சுகத்துக்காக. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் முள் ஏறும், விட்டதும் இறங்கும். வேகமாகக் கியர் மாற்றுகிறவருக்கு அடுத்த கியருக்குத் தேவையான ஆர்பிஎம் சீக்கிரம் வந்துவிடுவதால் கிளட்ச் இடிக்காமல் உட்காரும். கியரைக் குறைக்கும்போது பிரேக் மிதித்தபடியே குதிகாலால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி ஆர்பிஎம்மைச் சேர்த்துவிடுவது ரொம்ப எளிதாகும். ஒரு காலத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தின சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்பிலோ, பின்னால் வந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ ஓட்டுகிறவர் ஒரு சுற்றில் எத்தனை தடவை கியர் ஏற்றி இறக்குகிறார் என்று நினைத்துப் பார்த்தால், அவருக்கு இது ஏன் முக்கியம் என்பது தெரியும். அவர் முதல் கியரில் கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போவதில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் அப்படித்தான் போகிறோம். துறைமுகத்துக்கு உள்ளே போகக் காத்திருக்கிற லாரி வரிசை எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நீளும்போது, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் திறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் முண்டும்போது, மூலக்கடை மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றுவிடும்போது, நமக்கு வேண்டியது நிதானமாகக் கிளம்புகிற வண்டி. 1,000 ஆர்பிஎம்மில் நம் உதாரணத்தின் கம்பெனி ஃப்ளைவீலுக்குள் சுமார் 400 ஜூல் சேமிப்பில் இருக்கும். கிளட்சை விடும்போது வண்டியை முதல் ஓரிரு அடி நகர்த்துவதில் இந்தச் சேமிப்புக்கு நல்ல பங்கு உண்டு. புதிய ஃப்ளைவீலில் 200 ஜூல்தான். அதனால் பழைய பழக்கத்திலேயே கிளட்சை விட்டால் வண்டி உதறி ஆஃப் ஆகும். இதற்கு எல்லாரும் கண்டுபிடிக்கிற வைத்தியம் ஒன்றுதான், கொஞ்சம் அதிகமாக ரைஸ் பண்ணிக் கிளம்புவது.

அந்த வைத்தியத்தில்தான் கிளட்ச் வேகிறது. 1,100 கிலோ வண்டியை முதல் கியரில் 1,500 ஆர்பிஎம்மில் வைத்து கிளட்சை விட்டுக் கிளம்பினால், உரசலில் சூடாகிப் போவது ஏறத்தாழ 5,500 ஜூல். இது ஆர்பிஎம்மின் இருமடியாக ஏறுகிற கணக்கு. 1,500-க்குப் பதில் 2,100 கொடுத்துக் கிளம்பினாலே சூடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கூடிப்போன அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள இருக்கிற இரும்பும் இப்போது 3 கிலோ குறைவு. ஒரு தடவை கிளம்பினால் ஒன்றும் ஆகாது, சில டிகிரிதான் ஏறும். டோல்கேட்டிலிருந்து ராயபுரம் வரைக்கும், மே மாதத்தில், நின்று நின்று போனால் ஒவ்வொரு கிளம்பலும் முந்தைய சூட்டின்மேல் ஏறி உட்காரும். கிளட்ச் கருகின வாசனை, ஃப்ளைவீல் முகத்தில் நீலநிறத் திட்டு, அப்புறம் கிளட்ச் விடும்போது வண்டி நடுங்குவது, எல்லாம் இந்த வழியாகத்தான் வரும். லைட் ஃப்ளைவீலோடு சேர்த்து செராமிக் பக் கிளட்சும் (முழு வட்டமாக இல்லாமல் தனித்தனி செராமிக் துண்டுகள் வைத்தது) போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பிடித்தால் பிடித்ததுதான், நழுவிப் பிடிக்கிற மென்மை கிடையாது. தினமும் ஓட்டுகிற வண்டியில் இந்தக் கூட்டணி தண்டனை என்றுதான் சொல்வேன்.

ஏசி விஷயம் தனி. நம் ஊரில் வண்டி நிற்கும்போதும் ஏசி ஓடியாக வேண்டும். கம்ப்ரஸர் ஒட்டும்போது ஐடிலிங் ஒரு குதி குதித்து இறங்கும். கனமான ஃப்ளைவீல் அந்த இறக்கத்தைத் தாங்கிக்கொண்டு, ஈசியூ சுதாரிக்கிறதற்கு நேரம் கொடுக்கும். லேசானதில் அந்த நேரம் குறைவு, முள் கீழே போய் எட்டிப்பார்த்துவிட்டு வரும், சில வண்டி நின்றேவிடும்.

இப்போதைய வண்டிகளில் ஈசியூ இன்னொரு வேலையும் செய்கிறது. கிராங்கின் வேகம் வெடிப்புக்கு வெடிப்பு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்து, ஏதாவது சிலிண்டர் வெடிக்காமல் விட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கும். ஃப்ளைவீல் லேசானால் எல்லா வெடிப்புக்கும் கிராங்க் கூடுதலாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்த்து மிஸ்ஃபயர் என்று நினைத்துக்கொண்டு செக் இன்ஜின் விளக்கைப் போட்டுவிடுவதும் நடக்கிறது. இங்கேயே இன்னொரு விஷயம். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்குகிறது, அதனால் ஃப்ளைவீலை மாற்றப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் (இன்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவு) வந்த பிறகு புகைக் கட்டுப்பாட்டுக்காக த்ராட்டிலை மெதுவாக மூடும்படி ஈசியூவிலேயே எழுதிவைத்திருக்கிற வண்டிகள் நிறைய. அதில் தொங்குவது ஃப்ளைவீலால் இல்லை. நல்ல ட்யூனர் சாஃப்ட்வேரிலேயே சரிசெய்யலாம், கியர் பாக்ஸை இறக்கிப் பலன் பாதிதான் கிடைக்கும்.

எந்த வண்டிக்குப் போடவே கூடாது என்பதையும் சொல்லிவிடலாம். மூன்று சிலிண்டர் வண்டியில் 240 டிகிரிக்கு ஒருமுறைதான் வெடிப்பு, ஏற்கெனவே ஐடிலிங்கில் ஸ்டீயரிங் வரைக்கும் அதிர்வு தெரியும், அதில் போய் ஃப்ளைவீலைக் குறைப்பது வீண் வேலை. டீசலில் காற்றை அமுக்குகிற அழுத்தமும் அதிகம், வெடிப்பின் அடியும் பலம், அங்கே கனம் தேவைப்பட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அதிலும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் உள்ள வண்டி என்றால் கதையே வேறு. அதில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வில் ஸ்பிரிங்குகள் இருக்கும், இன்ஜினின் உதறல் கியர் பாக்ஸுக்குப் போகாமல் அவை விழுங்கிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தட்டு லைட் ஃப்ளைவீல் போட்டால், ஐடிலிங்கில் கியர் பாக்ஸுக்குள் கோலிக்குண்டு உருளுகிற மாதிரி ஒரு கடகடப்பு வரும், கிளட்சை மிதித்தால் நிற்கும். உடனே எதுவும் உடைந்துவிடாது, ஆனால் அந்த உதறல் முழுக்க இப்போது கியர் பற்களுக்கும் ஷாஃப்டுக்கும் போகிறது. ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட் போட்டால் கொஞ்சம் அடங்கும், முழுக்க அடங்காது. இதற்கெல்லாம் தோதானது ஒற்றைத் தட்டு ஃப்ளைவீல் உள்ள, உயர ரைஸ் ஆகிற நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்தான். பழைய ஹோண்டா சிட்டி விடெக், எஸ்டீம், பெலினோ மாதிரி வண்டிகளில் ஆட்கள் இதைச் செய்து பார்ப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்த உலோகம் என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். கம்பெனி ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சந்தையில் லைட் என்று கிடைப்பதில் ஒன்று ஸ்டீல், குரோமோலி என்று சொல்லப்படுகிற 4140 மாதிரியான அலாய் ஸ்டீல் கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. இன்னொன்று அலுமினியம், கிளட்ச் உரசுகிற இடத்தில் மட்டும் ஸ்டீல் தகடு வைத்து ஸ்க்ரூவோ ரிவெட்டோ போட்டது. அலுமினியம் ரொம்ப லேசு, சூட்டையும் சீக்கிரம் கடத்தும், தகடு தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அலுமினியம் சூட்டில் விரிகிற அளவு ஸ்டீலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால் நாள் முழுக்கச் சூடேறி ஆறுகிற டிராஃபிக் வண்டியில் அந்தத் தகடும் ஸ்க்ரூவும்தான் பாடுபடும். இன்னொரு தலைவலி நமக்கே உரியது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடற்காற்றில் நிற்கிற வண்டிகளில் உப்பு எங்கேயெல்லாம் போய் உட்காருகிறது என்று பெயின்டரைக் கேட்டால் தெரியும். அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். தெருவில் ஓட்டுகிற வண்டிக்கு என் ஓட்டு ஸ்டீலுக்குத்தான், யோசிக்கவே மாட்டேன்.

எவ்வளவு லைட் என்றால், கம்பெனி எடையில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது போதும். 8 கிலோ இருந்தால் 6, இல்லையென்றால் ஐந்தரை. அதற்குக் கீழே போகப்போக முதல் கியர் சண்டித்தனம் கூடுகிற வேகத்தில் சந்தோஷம் கூடுவதில்லை. டர்போ வண்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். கியர் மாற்றுகிற இடைவெளியில் ஆர்பிஎம் சீக்கிரம் இறங்கிவிட்டால், நிதானமாகக் கியர் மாற்றுகிறவருக்கு அடுத்த கியர் பூஸ்ட் (டர்போ காற்றை அழுத்தித் தருவது) வராத இடத்தில் போய் விழும்.

இனி வருவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. புதிது வாங்கக் காசு எதற்கு, நம்ம லேத்தில் கொடுத்தால் இருக்கிறதையே கடைந்து கொடுத்துவிடுவார்களே என்று தோன்றும். கிளட்ச் உரசுகிற முகத்தை லேத்தில் போட்டு மெலிதாக ஃபேசிங் பிடிப்பது சரியான வேலை, கம்பெனி சொன்ன குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாத வரைக்கும் தாராளமாகச் செய்யலாம். பின்பக்கத்தைக் குடைவதும், ஓட்டை ஓட்டையாகப் போடுவதும் வேறு. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது, ஃப்ளைவீல் சுற்றும்போது அதன் ஒவ்வொரு துணுக்கும் வெளியே போகத்தான் இழுக்கிறது. 7,000 ஆர்பிஎம்மில் 13.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஃப்ளைவீலின் ஓரம் மணிக்கு 356 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த ஓரத்தில் இருக்கிற 10 கிராம் இரும்பு 74 கிலோ எடை தொங்குகிற அளவுக்கு வெளியே இழுக்கும். ஓட்டையின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் விழுந்தால் அது தட்டு முழுக்க ஓடும். சிதறினால் துண்டுகள் கிளட்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு எந்தப் பக்கமும் போகும், ஒரு பக்கம் பானெட், ஒரு பக்கம் ரோடு, இன்னொரு பக்கம் உங்கள் கால். நேர்க்கோட்டில் சீறுகிற டிராக் (drag) ரேஸ் நடக்கிற நாடுகளில் இப்படிப்பட்ட விபத்துகளைப் பார்த்துத்தான் ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும் எஸ்எஃப்ஐ 1.1 என்று ஒரு தரச் சான்று வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். என்ன ஸ்டீல், எங்கே கடைந்தது என்றுகூடச் சொல்லத் தெரியாதவரிடம் விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்காதீர்கள்.

பொருத்தம் பார்க்கிறதும் கவனமாகச் செய்ய வேண்டிய வேலை. பழைய ஃப்ளைவீலையும் புதியதையும் தரையில் அக்கம்பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். கிராங்கில் உட்காருகிற போல்ட் ஓட்டைகள், ரிங் கியர் பல்லின் எண்ணிக்கை, பிரஷர் பிளேட்டை இடம் பிசகாமல் உட்கார வைக்கிற டவல் பின், கிளட்ச் பிளேட்டின் அளவு, எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கிராங்க் சென்சார் பற்கள் பழையதில் இருந்து புதியதில் இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, கியர் பாக்ஸை ஏற்றி முடித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிடக் கொடுமை இல்லை. சில ஃப்ளைவீல்களில் கிளட்ச் உரசுகிற முகமும் பிரஷர் பிளேட் உட்காருகிற முகமும் ஒரே மட்டத்தில் இருக்காது, நடுவில் ஒரு படி இருக்கும். அந்தப் படியின் உயரம் மாறினால் கிளட்ச் ஒன்று நழுவும், இல்லையென்றால் முழுக்க விடாது. ஃபேசிங் பிடிக்கக் கொடுக்கும்போதும் இரண்டு முகத்தையும் சேர்த்து அதே அளவு எடுக்கச் சொல்ல வேண்டும்.

பாலன்சிங்கை விடவே கூடாது. ஃப்ளைவீலைத் தனியாகவும், பிரஷர் பிளேட்டை மாட்டி மறுபடியும், டைனமிக் பாலன்ஸ் (சுற்றவிட்டுச் சமநிலை) பார்த்து, இரண்டும் எந்த நிலையில் சேர்ந்திருந்தன என்று மார்க் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊர் சிறிய நான்கு சிலிண்டர்களில் கிராங்க் தன்னளவிலேயே சமப்பட்டிருக்கும், ஃப்ளைவீல் நடுநிலையாக இருந்தால் போதும். சில அமெரிக்க வி8-களில் ஃப்ளைவீலிலேயே வேண்டுமென்று ஒரு பக்கம் எடை வைத்திருப்பார்கள், அந்த மாதிரி இன்ஜினுக்கு அதே எடை உள்ளதைத்தான் போட வேண்டும்.

மாற்றுகிற அன்றைக்கே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், இவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரு சின்னச் சீலுக்காக மறுபடி கியர் பாக்ஸை இறக்குவதைப் போல எரிச்சல் கிடையாது. ஃப்ளைவீல் போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடுகிற வகையாக இருந்தால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. எந்த வகையாக இருந்தாலும் டார்க் ரெஞ்ச் வைத்து, எதிரெதிராக, மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். ஏர் கன்னைப் போட்டு ஒரே முறுக்காக முறுக்கிவிட்டு "டைட்டு சார்" என்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். புதிய முகத்தில் ஒட்டியிருக்கிற துருத் தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்காமல் மாட்டினால் கிளட்ச் பிளேட் முதல் நாளே எண்ணெய் குடித்துவிடும்.

மாட்டி வெளியே எடுத்ததும் மிதித்துப் பார்க்கத்தான் கை பரபரக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள், புது கிளட்ச் முகமும் புது ஃப்ளைவீல் முகமும் ஒன்றுக்கொன்று படிய வேண்டும். அந்த நாட்களிலேயே கிளம்புகிற பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம், ரைஸைக் கூட்டாமல் கிளட்ச் பிடிக்கிற இடத்தில் ஒரு கணம் காலை நிறுத்தி, வண்டி நகர ஆரம்பித்த பிறகு முழுக்க விடுவது. ஏசி போட்டால் வண்டி தடுமாறுகிறது என்றால் ட்யூனரிடம் சொல்லி ஐடிலிங்கை 50 முதல் 100 ஆர்பிஎம் வரைக்கும் ஏற்றிவிடச் சொல்லுங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.